மூன்றாவது மாடி வரை

சவரக் கத்தியை அப்பாவின் கன்னத்தருகே கொண்டுபோவதும் திரும்ப எடுப்பதுமாக அவள் கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கிற கை அது. மயிரிழை பிசகாது. இன்று கன்னத்தைத் தொட வரவில்லை.

அப்பா நேற்று மதியம் இறந்துபோனார். கடைசி எட்டு நாளும் படுக்கைதான். அதற்கு முன் சவரம் செய்யாமல் ஒருநாள்கூட வீட்டை விட்டு இறங்காதவர். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கில் கிடந்தாலும் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தாக வேண்டும். இப்போது நரைத்த முள் தாடியோடு யாரோ மாதிரி கட்டிலில் கிடந்தார்.

"விடும்மா. பதினோரு மணிக்கு வண்டி வந்துடும்," என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை, விடியற்காலை ரயிலில் வந்திருந்தாள். "போய் உன் துணிமணிய எடுத்து வை. சாயங்காலமே என்கூடக் கிளம்பிடு. இந்த வீட்ல ஒத்தையா என்ன பண்ணுவே? உனக்குன்னு இங்க யாரு இருக்கா?"

யாராவது கொஞ்சம் அழுத்திச் சொன்னால் நாற்பத்தொரு வயதிலும் தலையாட்டிவிடுகிறவள் அவள். இப்போது ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, "எனக்குப் பொண்ணுங்களத்தான் பிடிக்கும்ப்பா. கல்யாணப் பேச்சு இனிமே வேண்டாம்," என்று சொல்லியிருந்தாள். முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்றுதான் அந்த நேரம் பார்த்தாள்.

"டார்ச்ச இந்தப் பக்கம் காட்டு," என்றார் அப்பா.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டார்: "சரி. உன்ன மாதிரி இருக்கறவங்க, ஃப்ரெண்ட்ஸ்னு யாராவது இருக்காங்களா?"

"இல்லப்பா."

"ஒருத்தர்கூடவா?"

அவர் முகம் வாடியது அதற்குத்தான்.

ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், சனிக்கிழமைதோறும் அவளைப் போன்றவர்கள் கூடிச் சீட்டாடுகிறார்கள் என்று கைபேசியில் பார்த்து வைத்தாள். பார்த்ததற்கும் போனதற்கும் நடுவே இரண்டு வருடம் ஓடிவிட்டது. முதல் மூன்று வாரமும் இரண்டாவது மாடி வரை ஏறுவாள். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டதும் இறங்கிவிடுவாள். நாலாவது வாரம் அப்பா கூடவே வந்தார். படிக்கட்டுத் திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கினார்.

"ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வச்சேன். என் பொண்ணு ஃப்ரெண்ட் பிடிக்கப் போற எடத்துல லிஃப்டே கெடையாது பாரு!"

கதவைத் தட்டியதும் அவர்தான். உள்ளே இருந்த பத்துப் பேரிடமும், "இது என் பொண்ணு. கூச்சம் ஜாஸ்தி. பழகிட்டா நல்லா கிண்டல் பண்ணுவா. கொஞ்சம் நாளாகும், அவசரப்படுத்தாதீங்க," என்று சொல்லிவிட்டு, ஒரு ஆட்டம் சீட்டும் ஆடி, அதில் கள்ளாட்டம் ஆடிப் பிடிபட்டு, அப்புறம்தான் கிளம்பினார். அவளுக்கு அங்கேயே கரைந்து காணாமல் போய்விடலாம் போலிருந்தது.

அதன்பின் ஐந்து மாதம், ஒரு வாரமும் விடாமல் போனாள். ஜன்னலோர நாற்காலியில் உட்காருவாள். கேட்டால் பேசுவாள். குழுவின் வாட்ஸப்பில் ஒரு வரி எழுதியதில்லை. வருவதையெல்லாம் இரண்டு தடவை படிப்பாள். நேற்று மாலை முதல் முறையாக எழுத உட்கார்ந்தாள். 'அப்பா' என்று எழுதி அழித்தாள். 'அப்பா போயிட்டார்.' அதையும் அழித்தாள். கடைசியில் 'நாளைக்கு நான் வரல' என்று மட்டும் அனுப்பினாள்.

அரை நிமிடத்தில் போன் அடித்தது. லைப்ரரி அக்கா. நூலகத்தில் வேலை பார்க்கும் திருநங்கை. கூட்டத்தில் எல்லோருக்கும் டீ ஊற்றுகிறவள்.

"நீ வராம இருந்ததும் இல்ல, குரூப்ல எழுதினதும் இல்ல. என்னடி ஆச்சு?"

"அப்பா," என்றாள். அதுவே போதுமாயிருந்தது.

இப்போது வாசல் மணி அடித்தது. லைப்ரரி அக்கா நேராக வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பின்னால், சீட்டாட்டக் கூட்டத்துக் கத்திரி நின்றான். சலூன் வைத்திருப்பதால் அவனுக்கு அந்தப் பட்டம். நிஜப் பெயரை இதுவரை கேட்கத் தோன்றியதில்லை.

"என் ஆளு கீழ கார் நிறுத்த எடம் தேடறான்," என்று தன் காதலனைச் சொன்னவன், அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்தான். "வெந்நீர் கெடைக்குமா?"

நனைத்த துண்டை அப்பாவின் முகத்தில் போட்டு எடுத்து, சோப்பு நுரையை நிதானமாகத் தடவினான். "அப்பா, கன்னத்தக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக்கறேன்," என்றான், நாற்காலியில் வந்து உட்கார்ந்த வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல. அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மீசை?"

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். இல்லன்னா எழுந்து ஸ்கேல் எடுத்துட்டு வந்துடுவார்," என்றாள் அவள்.

கத்திரி சிரித்துவிட்டான். "தெரியும். கடைக்கு வந்திருக்காரே."

"யாரு, அப்பாவா?"

"நாலு தடவ. ரெண்டு பஸ் மாறி. கடைசித் தடவ வெட்டறதுக்கு முடியே இல்ல, 'சும்மா கத்திரிய மட்டும் ஆட்டு'ன்னார். 'என் பொண்ணு பேசறாளா?'ன்னு கேப்பார். போன மாசம் நீ என் புதுச் சட்டையப் பாத்து, சோபா உறை மாதிரி இருக்குன்னே இல்ல? அத சொன்னேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். நான் சொன்னேன்னு உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னார்."

அவள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். பாதம் ஜில்லென்றிருந்தது. முதல் தடவையாக அழுகை வந்தது, சத்தமாக, மூக்கு ஒழுக. யாரும் அழாதே என்று சொல்லவில்லை. கத்திரி தாடைக்குக் கீழே கவனமாக வழித்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் அத்தை கிட்டே வந்து பார்த்தாள். "இப்பத்தான் எங்கண்ணன் எங்கண்ணன் மாதிரி இருக்கான்," என்றாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்ப மணி இரண்டாகிவிட்டது. சமையலறையில் லைப்ரரி அக்காவும் கத்திரியும் அவன் ஆளும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். எந்த மூடி எந்தப் பாத்திரத்துக்கு என்பதில் தகராறு.

"பெட்டிய எடுத்து வச்சியா?" என்று கேட்டாள் அத்தை.

"நான் இங்கயே இருக்கேன் அத்தை."

"யாரு இவங்கல்லாம்?"

"என் ஃப்ரெண்ட்ஸ்."

அத்தை சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம், "காலைலேருந்து பட்டினியா நிக்குதுங்களே, அதுங்கள முதல்ல சாப்பிடச் சொல்லு," என்றாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் அத்தை ரயிலுக்குக் கிளம்பினாள். அவளைக் கொண்டுவிடக் கத்திரியும் அவன் ஆளும் காரில் போனார்கள். லைப்ரரி அக்கா செருப்பு மாட்டியபோது, "இருங்க, நானும் வரேன்," என்று அவளும் இறங்கினாள்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அப்பா சீட்டில் கள்ளாட்டம் ஆடும் விதத்தை அவள் சொல்ல ஆரம்பித்தாள். பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து அவர்களைப் பார்த்தார். லைப்ரரி அக்கா கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டு, "ம், அப்புறம்?" என்றாள்.