டேப்பும் பைலுமாக வந்த இருவர்

உயர்தரப் பரீட்சைக்குப் புவியியல் எடுத்த நுஹாவுக்குப் படம் கீறுவதென்றால் உயிர். கடைத்தெரு ஒன்றின் நிலப்பயன்பாட்டுப் படம் வரைந்துகொண்டுவரச் சொல்லி டீச்சர் வாயை மூடுவதற்குள், தன் ஊரான கலகெதரவைத் தெரிந்தெடுத்துவிட்டாள். கண்டியில் விடுதியில் தங்கிப் படிப்பவள் என்பதால், அங்கே வாப்பாவின் கடை இருந்தும் தெருவில் அவளைத் தெரிந்தவர்கள் குறைவு.

சனிக்கிழமை காலை தோழி ஜஹானா அளக்கும் டேப்பைப் பிடிக்க, நுஹா பைலில் குறித்துக்கொண்டே போனாள். எந்தக் கடையில் என்ன விற்கிறது, நடைபாதையில் எவ்வளவு தூரத்துக்குச் சாமான் பரப்பியிருக்கிறது என்பதெல்லாம் படத்தில் வரவேண்டும்.

பழக்கடை பஹீம் எட்டிப் பார்த்தார். "எதுக்கு மிஸ் அளக்குறீங்க?"

"ரோட்டுக்கு பிளான் ஒன்டு கீறுறோம்" என்றாள் நுஹா, நிமிராமலே.

பஹீமின் முகம் வெளிறியது. அன்னாசிக் குவியலை அள்ளி உள்ளே போட ஆரம்பித்தார். அடுத்த கடையில் விளக்குமாறுகள் மறைந்தன. புடவைக் கடைப் பையன் சேலை கட்டிய பொம்மையை இடுப்போடு தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். யாரோ இஞ்சிப் பிளேன்டீயும் கொண்டுவந்து நீட்டினார்கள்.

"எவ்வளவு நல்ல சனம்!" என்றாள் ஜஹானா.

ஜஹானாவை பஸ் ஏற்றிவிட்டு, தெருவின் அடுத்த கோடியிலிருந்த வாப்பாவின் பிளாஸ்டிக் சாமான் கடைக்குப் போனாள் நுஹா. வாசலில் ஒரு வாளியைக்கூடக் காணோம். வாப்பா பாயிஸ் ஏணியில் நின்று முன்கூரைத் தகட்டின் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன வாப்பா இது?"

"உங்களுக்குத் தெரியாதா மகள்? ரோட்டைப் பெருசாக்கப் போறாங்களாம். கொழும்புல இருந்து ரெண்டு லேடி ஆபிசர்மார் வந்து அளந்துட்டுப் போறாங்க. ஒருத்தி ஆள் குள்ளமாம், கட்டையாம், ஆனா சரியான பொல்லாதவளாம். நிமிந்தும் பாக்கல்லயாம்!"

நுஹா கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். "வாப்பா... அந்தக் கட்டை நான்தான்."

பாயிஸ் ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா ஏசுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "போய் எல்லார்ட்டயும் சொல்லிட்டு வாங்க" என்றார் கடைசியில்.

கூசிக் குறுகிக்கொண்டுதான் போனாள். ஆனால் பஹீம், "அப்ப உடைக்க மாட்டாங்களா? அல்ஹம்துலில்லாஹ்!" என்று துள்ளினார். உடனே குரலைத் தாழ்த்தி, "ஸ்கூல் படமா? அப்ப என்ட கடைப் பேரக் கொஞ்சம் பெருசாப் போடுங்க" என்றார். ஒவ்வொரு கடையிலும் இதே கதைதான். புடவைக் கடைக்காரருக்குப் படத்தில் பொம்மையும் வேண்டுமாம்.

அவள் திரும்பியபோது வாப்பா வாளிகளை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார். வழக்கமான இடத்தையும் தாண்டி, சாக்கடை மூடிவரை பேசின்கள் வந்திருந்தன.

"வாப்பா, இது ஆக்கள் நடக்கிற பாதை!"

"தெரியும் மகள். டேப்பை இழுங்க, படத்துல நம்மட கடை பெருசா விழட்டும்."