மிக்சியில் திரண்ட மருந்து

யாஷ் நகரத்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர் இலாரியே புற்றுநோய் மருந்துக்காக வெள்ளீயத்தைப் பாலிமருக்குள் கோத்தது தன் மனைவியின் மிக்சியில்தான். நம்பாதவர்கள் அந்த அம்மாளைக் கேட்கலாம், இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஒன்றோடொன்று சேராத இரண்டு திரவங்களை ஊற்றி வேகமாக அடித்தால், அவை உரசும் இடத்தில் வெள்ளையாகப் பாலிமர் திரளும். அன்று அடித்த வேகத்தில் மேசை தானாக நகர்ந்து வாசல்வரை போய்விட்டது. நான்தான் உள்ளே கூட்டிவந்தேன்.

திரண்டது எதிலும் கரையவில்லை. கரையும்வரை இலாரியே கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருந்தார். தோலில் பட்டாலே வாயெல்லாம் பூண்டு நாறும் சரக்கு அது. அந்த வாரம் எங்கள் மாடிப்பக்கம் கொசுகூட வரவில்லை.

புற்றுநோய்ச் செல்களில் விட்டதும் அத்தனையும் செத்தன. அன்று மாலையே தெருமுனை ரொட்டிக்கடை வெதூத்சாவிடம், "ஈஸ்டருக்குள்ள உன் தம்பிக்கு மருந்து ரெடி" என்றார் இலாரியே. அதன்பிறகு எங்களுக்குச் சூடான வளைய ரொட்டி இலவசம். நானும் தின்றேன்.

ஒருநாள் செல்களைக் கவனிக்கும் ஸ்மராந்தா எங்களைக் கூப்பிட்டாள்.

"பாலிமரே போடாம வெறும் கரைப்பானை விட்டுப் பாத்தேன் சார். எல்லாம் செத்துடுச்சு. நல்ல செல்லும் சேர்த்து."

"ஏற்கெனவே ஒப்பிட்டுப் பாத்தோமே?" என்றார் இலாரியே.

"அந்தத் தட்டுல வெறும் தண்ணிதானே விடச் சொன்னீங்க?"

இலாரியேவின் காது சிவந்தது. "அப்ப பாலிமர்?"

"கரைப்பான் இல்லாம தனியாப் போட்டா, அது பாட்டுக்கு அடியில உக்காந்திருக்கு. செல்லுங்க அதுமேல ஏறி வளருது."

படியில் இறங்கும்போது இலாரியே என் கையைப் பிடித்தார். "தியோஃபில், நீயே வெதூத்சாகிட்ட சொல்லிடு. மிக்சி வெடிச்சிடுச்சுன்னு சொல்லு. புளுகுறதுல உன்னை மிஞ்ச ஆள் இல்ல."

"என்னை ஒருத்தரும் நம்புறதில்ல இலாரியே, அதான் எனக்குச் சௌகரியம். உங்களைத்தானே நம்பிட்டாங்க."

கடையில் கூட்டம். எங்களைப் பார்த்ததும் வெதூத்சா பையை நிரப்பத் தொடங்கினாள். இலாரியே தொப்பியைக் கழற்றினார்.

"வேணாம் வெதூத்சா. மருந்து இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன்கிட்ட சொல்லிட்டேனே" என்றாள் மெதுவாக. "நேத்து எழுந்து உக்காந்து சூப் குடிச்சான்."

இலாரியேவின் கையில் தொப்பி கசங்கியது. "நானே வந்து சொல்றேன். கூட்டிட்டுப் போ."

வெதூத்சா ஏப்ரனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "நீங்க கடையப் பாத்துக்குங்க."

இருவரும் போனார்கள். "என்ன தியோஃபில், என்ன விஷயம்?" என்று வரிசையே கேட்டது. அன்று வந்தவர்களிடமெல்லாம் நான் ரொட்டியின் விலையை மட்டும் சொன்னேன்.