நல்ல வார்த்தைக்கு விழுந்த வரி

பாத்திரக்கடைக்காரருக்குக் கடைத்தெருவில் 'அரைவிலை' என்று பெயர். எதை வாங்கப் போனாலும் சொன்ன விலையில் பாதியிலிருந்துதான் ஆரம்பிப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, "ஆடிக்கிட்டிருந்த பல்லுதானே டாக்டர், பாதி வேலையை அதுவே முடிச்சிடுச்சே" என்று பேசிக் குறைத்துக்கொண்டு வந்தவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு நகராட்சியிலிருந்து தபால் வந்தது. வீடுகளுக்கெல்லாம் புது மதிப்பு போட்டு அதன்படி வரி விதிக்கப் போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் நேரில் வரலாம் என்று. 'வரலாம்' என்ற சொல் அவருக்குக் கடை திறந்திருக்கிறது என்று கேட்டது. சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விற்கும்போது ஏற்றிப் பேசு, வாங்கும்போது இறக்கிப் பேசு என்பதுதான் கடைத்தெரு வேதம். வரி என்றால் இறக்க வேண்டும். ஈரம் ஏறிய சுவர், மூடாத ஜன்னல், மழைக்கு மட்டும் ஒழுகும் கூரை என்று சொந்த வீட்டை அவர் கிழித்த கிழியில் எதிரி வந்திருந்தாலும் பரிதாபப்பட்டிருப்பான். மதிப்பீட்டு அதிகாரி அம்மாள் மட்டும் பேனாவைத் திறக்கவே இல்லை. மட்டமான சரக்கை மட்டம் என்று காட்ட, பக்கத்தில் நல்ல சரக்கு ஒன்றை வைக்க வேண்டும். வைத்தார்.

"பக்கத்து வீட்டைப் பாருங்க மேடம், அது வீடு! தரையில முகம் தெரியும். கொளுத்துற வெயில்லயும் உள்ள சில்லுன்னு இருக்கும். ஒவ்வொரு அலமாரியும் அளந்து வெச்ச மாதிரி. மாடியில ஒரு அறை வேற இருக்கு. அதுக்கும் எனக்கும் ஒரே வரின்னா நியாயமா?"

மாடியில் இருந்தது துணி காயப்போட நாலு கம்பத்தின் மேல் போட்ட தகரம். வாய் போன வேகத்தில் அது அறையாகிவிட்டது. அந்த வீடு தன் அக்காவுடையது என்பதையும் அவர் சொல்லவில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். அளக்கிறவர் ஒரே ஆள், வீடோ ஆயிரம். அதனால் அந்த வருடம் சொந்த வீடோ பக்கத்து வீடோ, வந்தவர் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினாலே போதும் என்று வைத்திருந்தார்கள். அரைவிலை கையெழுத்துப் போட்டார். அவர் வீட்டு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. "கவர்மென்டுக்கே தள்ளுபடி போட வெச்சுட்டேன்ல" என்று ஒரு வாரம் கடைத்தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

எட்டாம் நாள் அக்கா நகராட்சித் தாள் ஒன்றோடு வந்தாள். அத்தான் போன பிறகு பள்ளிச் சீருடைகள் தைத்தே அந்த வீட்டை எழுப்பியவள் அவள்.

"டேய், இதைப் படி. ஒண்ணு நான் கண்ணாடியை மாத்தணும், இல்லேன்னா இவங்க புத்தியை மாத்திக்கணும். மாடியில அறையாம்! எனக்கே தெரியாம எவன்டா வந்து கட்டிட்டுப் போனான்? அவன் கையில கிடைச்சா கீழேயும் ஒண்ணு கட்டச் சொல்லணும்."

அரைவிலைக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த வரியைக் கட்டணும்னா முன் அறையை வாடகைக்கு விட்டாகணும்" என்றாள். "அங்க இருக்கிற தையல் மெஷினை அடுப்பங்கரையில போட்டா துணியெல்லாம் எண்ணெய் வாடை அடிக்கும். பள்ளிக்கூடத்துக்காரங்க தொடுவாங்களா? நீ வந்து பேசுடா. உன் வாய்க்கு இறங்காத விலை உண்டா?"

"போலாம்க்கா" என்றார்.

அவள் போனதும் மனைவி வந்து நின்றாள். "ஊருக்கெல்லாம் சொல்லித் தீர்த்தீங்களே, உங்க அக்காகிட்டயும் சொல்லிடுங்க. அங்க போய் ஃபைல் சொல்றதைவிட நீங்க சொல்றது மேல்."

மறுநாள் சொல்லத்தான் போனார். அக்கா அவர் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைப் பார்த்துவிட்டு, "கழட்டு" என்றாள். பொத்தானைத் தைத்து வாங்கிக்கொண்டு திரும்பினார். அதன் பிறகு அந்தச் சட்டையைப் போடவே கூசியது.

விசாரணை நாளில் இருவரும் அதிகாரியின் மேசைக்கு முன் உட்கார்ந்தார்கள். அவரைப் பார்த்ததும் அதிகாரியின் புருவம் ஏறியது.

"என் வீட்டு மாடியில அறை இருக்குன்னு யாரும்மா சொன்னது?" என்று அக்கா கேட்டாள்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். இன்னும் இரண்டு தாள் திரும்பினால் கையெழுத்து தெரிந்துவிடும். வியாபாரத்தில் முந்திக்கொள்கிறவனுக்குத்தான் லாபம். இங்கே முந்தினாலும் நஷ்டம்தான், கொஞ்சம் குறைச்சலான நஷ்டம்.

"நான்தான்க்கா."

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் மேசையின் விளிம்பைப் பார்த்தார்.

"உன்னை மாட்டிவிடணும்னு இல்லக்கா. நான் கவர்மென்டுகிட்டதான் பேரம் பேசினேன்..."

"இந்தப் பக்கம் யாரும் எதுவும் விற்கலீங்க" என்றார் அதிகாரி. "தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி, பள்ளிக்கூடத்துக் கூரை, இதுக்கெல்லாம் வருஷத்துக்கு இவ்வளவு வேணும்னு நகர்மன்றத்துல முதல்லயே முடிவு பண்ணிடுவாங்க. அதைத்தான் வீட்டு மதிப்புப்படி பங்கு போடறோம். மொத்தம் குறையாது. உங்க பங்கு இறங்கினா அதை மத்த வீடுங்க சுமக்கணும். இவங்க ரெண்டு விதமா சுமக்கறாங்க, உங்களுக்கு இறங்கினதையும், நீங்க சொல்லி இவங்களுக்கு ஏறினதையும்."

முப்பது வருட வியாபாரத்தில் எதிரே ஆளே இல்லாமல் பேரம் பேசியது அன்றைக்குத்தான் என்று அரைவிலைக்கு உறைத்தது. தராசின் அடுத்த தட்டில் தெருவே உட்கார்ந்திருந்தது, நடுவில் அக்கா.

"அந்தத் தாளைக் குடுங்க" என்று அக்கா வாங்கினாள். மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தாள். "தரையில முகம் தெரியும்... வெயில்லயும் சில்லுன்னு... இதெல்லாம் நீயா சொன்னே?"

"ம்."

"குடிவந்த அன்னிக்கு, தீப்பெட்டிக்கு ஜன்னல் வெச்ச மாதிரி இருக்குன்னே. பதினோரு வருஷமா வர்றே, போறே, அதையேதான் சொல்றே."

"சும்மா கிண்டலுக்குக்கா."

"தகரம் பொய். மத்ததெல்லாம்?"

"உண்மைதான்."

"அப்போ என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லியிருக்கலாமேடா. அதுக்கா வரி போடப்போறாங்க?"

அவர் அதிகாரி பக்கம் திரும்பி, "என் வீட்டு மதிப்பையும் திருப்பி ஏத்திடுங்க மேடம்" என்றார்.

"குறைக்கச் சொல்ற மனுதான் எங்ககிட்ட அச்சடிச்சு இருக்கு. ஏத்தச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வந்ததில்லை. வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுங்க."

ஓட்டைக் குடத்தையும் சல்லடை என்று விற்கத் தெரிந்தவர், 'என் வீடு நல்ல நிலையில்தான் இருக்கிறது' என்ற வரிக்கு மேல் நகர முடியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

வியாழக்கிழமை அளக்கிறவர் வந்தார். அக்கா வீட்டு மாடிக்கு ஏறி, தகரத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே தாளில் இருந்த அறையை அடித்தார். அக்காவின் முன் அறை தப்பியது. அடுத்து அரைவிலையின் வீடு. ஈரம் ஏறியதாகச் சொன்ன சுவரை அவரே தட்டிக் காட்டினார். "கெட்டிதான் சார். பின்னாடி ஒரு சாமான் அறை இருக்கு, போன தடவை சொல்லாம விட்டுட்டேன்."

"அந்தப் பரணை மட்டும் ஏன் விடறீங்க, அதையும் காட்டுங்க" என்றது உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

பின்சுவரை அளக்க, நாடாவின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார் அளக்கிறவர். சுவரோடு வைத்து அழுத்தியபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. அக்கா. நாலு நாளாகப் பேசாதவள்.

"நீ விடு, உன் கையில அளவும் பாதியாயிடும்" என்று அவர் விரல்களை விலக்கிவிட்டு, நாடாவின் முனையைத் தானே பிடித்துக்கொண்டாள். "இப்போ படிங்க சார்."