சாலையைப் பிடித்துத் தைத்தவள்

டெய்லரக்கா நெடுஞ்சாலையைப் பிடித்துத் தைத்த வருடம் வெங்காய விலையும் ஏறியிருந்தது. ஜனங்கள் அதிகம் பேசியது வெங்காயத்தைப் பற்றித்தான். அதற்கு முந்தைய வருடம் அரசாங்கம் நகரத்தை அழகுபடுத்தும் கொள்கையை அறிவித்திருந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் டெய்லரக்கா குடியிருந்த தெரு அழகில் சேராது என்று முடிவானது. காலி செய்கிறவர்களுக்கு நகரத்துக்குள்ளேயே வீடு தர வேண்டும் என்றது சட்டம். சட்டத்தை மீற அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை, ஆகவே நகரத்தின் எல்லையை நாற்பது கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள். அங்கே பொட்டல் நடுவே ஒரு குடியிருப்பு எழும்பியது. தெருவே அதற்குக் குடிபோனது.

டெய்லரக்காவின் வீட்டுக்காரர் பழைய தெருமுனை ஹோட்டலில் சமையல்காரர். விடியும் முன் பஸ் ஏறுவார், மகள் தூங்கிய பிறகு வந்து சேர்வார். ஒருநாள் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது அந்தப் பெண் அப்பாவுக்குப் பதில் போர்வைக்கு வெளியே நீட்டிய இரண்டு குதிகால்களை வரைந்து வந்தாள். அதை டெய்லரக்கா பார்த்தாள். மறுநாளே கோணி ஊசியும் நைலான் நூலுமாகச் சாலைக்குப் போனாள். அவள் செய்துவந்ததெல்லாம் ஆல்டரேஷன் வேலை. மிஞ்சிய துணியை ஒருபோதும் வெட்டமாட்டாள். "வெட்டிட்டா வெட்டினதுதான். உள்ள மடிச்சு வச்சா எப்ப வேணா பிரிச்சு விட்டுக்கலாம்" என்பாள். அப்படியே சாலையையும் உள்ளே மடித்துத் தைத்தாள். சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்குகள், ஒரு செங்கல் சூளை எல்லாம் மடிப்புக்குள் போயின. உள்ளே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் புழுக்கமாக இருந்ததைத் தவிர வேறு தொந்தரவில்லை. அன்றிலிருந்து குடியிருப்பின் கேட்டைத் தாண்டினால் எதிரே ஹோட்டலின் பின்கதவு. சமையல்காரர் மத்தியானப் பந்தி முடிந்ததும் வீட்டுக்கு வந்து மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். இரண்டு பேருக்கும் தப்பாகவே வந்தது, இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

சேதி அரசாங்கத்துக்குப் போகாமல் இருக்குமா? அதிகாரிகள் டேப்போடு வந்து அளந்தார்கள். சாலை எப்படிச் சுருங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை, மனை என்ன விலை போகும் என்றுதான் கேட்டார்கள். மூன்றே மாதத்தில் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் காப்பிக்கடை வந்தது. நான்காவது மாதம், அந்தக் குடியிருப்பும் அழகில் சேராது என்று சொல்ல ஓர் அதிகாரி வந்தார்.

"இது இப்ப நகரத்தோட மையம்மா. உங்களுக்கு வேற வீடு தருவோம்."

"எங்க சார்?"

"நகரத்துக்குள்ளதான்" என்றவரின் கண் தூரத்து மலைப்பக்கம் போனது.

அன்று சமையல்காரர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "பேசாம இருந்திருந்தா வீடாவது மிஞ்சியிருக்கும்" என்றார். அதுதான் டெய்லரக்காவைக் குத்தியது, ஏனென்றால் அது உண்மை. பிளேடை எடுத்துக்கொண்டு போய்த் தையலைப் பிரித்துவிட்டாள். சாலை சிலுப்பிக்கொண்டு பழைய நீளத்துக்கு நீண்டது. அப்போதுதான் கிளம்பிய அதிகாரியின் கார் விளக்கு வைக்கும் முன் போய்ச் சேர வேண்டியது, இரவுச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மனை விலை சரிந்தது, காப்பிக்கடை மூட்டை கட்டியது, கொள்கை வேறு தெருவைத் தேடிப் போனது. வீடு பிழைத்தது. ஆனால் வீட்டுக்காரர் மறுபடியும் குதிகால்களாகிவிட்டார்.

"பிரிக்கத் தெரிஞ்சவளுக்குக் கொக்கி வைக்கத் தெரியாதா?" என்று கேட்டாள் டெய்லரக்கா. காப்பிக்கடை விட்டுப்போன கம்பிகளைக் குடியிருப்பில் இருந்த ஒரு வெல்டர் வளைத்துக் கொடுக்க, ரவிக்கைக்கு வைப்பது போலவே சாலைக்கும் வரிசையாகக் கொக்கி வைத்தாள். மாட்டினால் ஒரே எட்டில் ஹோட்டல், கழற்றினால் நாற்பது கிலோமீட்டர். அரசாங்கக் கார் ஹோட்டலைத் தாண்டும்போது சமையல்காரர் கரண்டியால் அண்டாவைத் தட்டுவார், இந்தப் பக்கம் கொக்கி கழன்றுவிடும். அதிகாரிகள் இடுப்பு நோக வந்து பொட்டலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இன்றுவரை அரசாங்கக் கணக்கில் அது விலை போகாத இடம். மழைக்கு முன் கொக்கிகளுக்கு எண்ணெய் விட வேண்டும், அதற்குக் குடியிருப்புக்காரர்கள் முறை வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் பள்ளியில் வரைந்த படத்தில் அப்பாவுக்கு முகம் இருந்தது. மீசைதான் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவரும் ஆட்சேபிக்கவில்லை.