மூன்று புள்ளிக் குறி

சலவைக் கடைக்காரருக்கு யாரையும் நம்பாத வியாதி உண்டு. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. "இந்தக் கறை நான் குடுக்கும்போது இல்லவே இல்ல" என்று முகத்துக்கு நேரே அடித்துச் சொல்லும் ஆட்களோடு இருபத்திரண்டு வருடம் மாரடித்தவர் வேறு எப்படி இருப்பார்?

ஆனால் இன்றைய சந்தேகம் சட்டை கோட்டு விவகாரம் இல்லை. மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். நடுவழியில் நிற்காத ஒரு வண்டி வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான். புது வண்டி வாங்க வக்கில்லை.

பழைய கார்கள் வரிசையாக நின்ற மைதானத்தில் சாம்பல் நிறக் கார் ஒன்றைத் தரகர் காட்டினார். சிரிப்பை முகத்திலேயே தைத்து வைத்திருந்த மனிதர். மனைவியோடு அவள் அண்ணனும் கூட வந்திருந்தார். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். இந்த வண்டி விற்பனைக்கு இருக்கிறது என்று தகவல் கொண்டுவந்ததும் அவர்தான்.

"நானும் இன்னைக்குத்தான் மொத தடவையா பார்க்கிறேன் மாப்பிள்ளை. ஆனா வண்டியைப் பாருங்க, தங்கம்!" என்றார் அண்ணன்.

கடைக்காரர் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே சூடா இருக்கே?"

"காலையில ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன் சார்" என்றார் தரகர்.

"ஏன்? ஆறிப்போன வண்டி ஸ்டார்ட் ஆகாதோ?"

"ஐயோ, எதுக்கெடுத்தாலும் இப்படித்தானா?" என்று மனைவி சிரித்தாள். "என்னைக் கட்டிக்கிறப்போ இதுல பாதியாவது விசாரிச்சீங்களா?"

"அப்ப ஏமாந்துட்டேன். அதான் இப்ப உஷாரா இருக்கேன்."

அவள் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பின்சீட்டில் ஏறி, காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்ததும் அவருக்கு, பேசாமல் வாங்கித் தொலைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஆனால் மூக்கு விடவில்லை. ஒரு காருக்குள் எதற்கு மூன்று வாசனை அட்டைகள்? அந்த வாசனைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது. நன்றாகக் காயாத கம்பளியைப் பெட்டியில் மூடி வைத்தால் வருமே, அந்த வாடை.

கார் எஞ்சினைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் தெரிந்ததைப் பார்த்தார். சீட் பெல்ட்டும் துணிதானே? அதைப் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. வராது என்கிற வரைக்கும் இழுத்தபோது, கடைசி ஒரு சாண் மட்டும் பழுப்பாக, மொடமொடவென்று இருந்தது. குறுக்கே ஒரு கோடு.

"டீ கொட்டியிருக்கும் மாப்பிள்ளை" என்றார் அண்ணன். கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

"டீயை எனக்கே சொல்லித் தர்றீங்களா மச்சான்? டீ நூலுக்குள்ள ஊறி நிக்கும். இது மேல படிஞ்சு உதிருது பாருங்க, மண்ணு. இந்த உயரத்துக்குத் தண்ணி நின்னிருக்கு."

தரகரின் சிரிப்பில் ஒரு தையல் விட்டது. "சீட்டைப் பாருங்க சார், துளி அழுக்கு உண்டா?"

உண்மைதான். சீட் உறை அப்பழுக்கில்லாமல் இருந்தது. யாரோ கைதேர்ந்தவன் வெளுத்திருக்கிறான் என்று அவர் மனதுக்குள் பாராட்டவும் செய்தார். கொக்கியைக் கழற்றி, உறையைப் புரட்டி உள்மடிப்பைப் பார்த்தார். அழியாத மையில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அதன் கீழே மூன்று புள்ளிகள்.

அது அவர் கடைக் குறி.

அவர் கடைக்கு வரும் ஒவ்வொரு உருப்படியிலும், ஆள் மாறிப் போகாமல் இருக்க, ஆளுக்கொரு குறி போடுவது வழக்கம். போடுவது மனைவியின் வேலை. பெருக்கல் கடைக்கு, மூன்று புள்ளி அவளுடைய அண்ணனுக்கு. நாலு மாதத்துக்கு முன், பெருமழை வடிந்த வாரத்தில், அண்ணன் ஒரு மூட்டை உறைகளைக் கொண்டுவந்து போட்டார். யாரோ வாடிக்கையாளருடையது, சேற்றில் சிக்கிய வண்டி என்றார். கடைக்காரர் மூன்று நாள் ஊறப்போட்டு, கை எரிய எரியத் தேய்த்து, ஒரு தடம் விடாமல் எடுத்துக் கொடுத்தார். மச்சான் என்பதால் அந்த வாரம் மற்றவர்களின் துணியைக்கூடத் தள்ளி வைத்தார். தன்னை ஏமாற்றத் தானே பாடுபட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது ஆத்திரமாக வந்தது.

"இங்க பாரு" என்று மனைவியிடம் மடிப்பைக் காட்டினார். "யார் கை இது?"

அவள் பார்த்தாள். விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு காரைவிட்டு இறங்கினாள்.

"அண்ணே, இன்னைக்குத்தான் இந்த வண்டியப் பார்க்கிறியா?"

அண்ணன் பானட்டைத் தட்டிக் காட்டினார். "நானே பிரிச்சுப் பூட்டின எஞ்சின்மா. ஒண்ணும் ஆகாது. என் தங்கச்சிக்கு நான் கெடுதல் செய்வேனா?"

அவள் தரகர் கையிலிருந்த சாவியை வாங்கி அண்ணனிடம் நீட்டினாள்.

"சரி. திங்கக்கெழமை காலையில நீயே இந்த வண்டியில வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. திரும்பி வரும்போதும் நீயே ஓட்டு. வழியில நிக்காதுன்னு நம்பிக்கை இருந்தா சாவிய வாங்கிக்கோ."

அண்ணன் கையிலிருந்த பழந்துணியில் விரல்களைத் துடைத்தார். சுத்தமாக இருந்த விரல்களைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். சாவிக்குக் கை நீளவில்லை.

அவள் சாவியை பானட்டின் மேல் வைத்துவிட்டுக் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸுலயே போலாங்க" என்றாள். "அது நின்னா, இன்னொரு பஸ்ஸுல ஏத்தியாவது விடுவாங்க."