செருப்பைக் கழற்றிவிட்டுத் தேடியவர்கள்

துழாவி.காம் என்ற தேடல் தளத்தில் பெண்கள் நேரில் போய்த்தான் தேடினார்கள். திருச்சி தில்லைநகரில் மூன்றாவது மாடியில் ஆபீஸ். மொத்தம் நாற்பத்திரண்டு பேர். யாராவது எதையாவது தட்டினால், முறை வந்தவள் எழுந்து, புடவையைச் செருகிக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் இறங்கி, இணையப் பக்கம் ஒவ்வொன்றாக நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்வாள்.

பிரேமகுமாரி முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எந்தப் பக்கத்துக்குள்ளும் நுழைய வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவள்தான். ஒருவர் கண் எரிய உட்கார்ந்து கட்டியதை மிதித்துக்கொண்டா போவது? உள்ளே படங்கள் மேலிருந்து கீழாக மெதுவாக வரும். நெற்றி, கண், மூக்கு. முழு முகமும் வரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள்.

தொண்ணூற்றெட்டில் துழாவி கொடிகட்டிப் பறந்தது. சிங்கப்பூரிலிருந்தெல்லாம் கேட்டார்கள். கல்யாண வீடுகளில், “துழாவில இருக்காங்க” என்று சொல்லி பிரேமகுமாரியை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இலையில் என்ன விழுந்தது என்றே தெரியாமல் சாப்பிட்டாள்.

பிறகு வேறொரு கம்பெனி வந்தது. அவர்களுடைய ஆட்கள் பூட்ஸ் காலோடு ஓடினார்கள். இவர்கள் வாரை அவிழ்ப்பதற்குள் ஆயிரம் பக்கங்களைத் தாண்டினார்கள். துழாவியில் கேட்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

மேனேஜர் வேதாசலம் எல்லாரையும் கூப்பிட்டார். “நாளையிலேர்ந்து செருப்போடயே போங்கம்மா. இல்லேன்னா மூட வேண்டியதுதான்.”

மறுநாள் பிரேமகுமாரி வால்பாறையில் தபால்தலை சேர்க்கும் ஒருவரின் பக்கத்துக்கு அனுப்பப்பட்டாள். வேலை போய்விடுமே என்று நினைத்துக்கொண்டு, செருப்புக் காலோடு வாசலில் நின்றாள். கால் எழும்பவில்லை. வழக்கம்போலக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். தபால்தலைகள் முழுசாக வரும்வரை நின்றாள். திரும்பி வந்து சொன்னாள்:

“என்னால முடியல சார்.”

மற்ற நாற்பத்தொரு பேரும் அதையே சொன்னார்கள். வேதாசலம் தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை துழாவியை மூடினார்கள். பிரேமகுமாரி அழுதாள். ஆனாலும் படியிறங்கும்போது தலை நிமிர்ந்துதான் இறங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அந்த வால்பாறைத் தபால்தலைப் பக்கமே வாசலில் நின்றுகொண்டிருந்தது.

“பிரேமகுமாரி வீடு இதுதானுங்களே? தேடாத இடமில்லைங்க.”

“இதுதான். வாங்க.”

அது வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னும் பல பக்கங்கள் வந்தன. தெருமுனைவரை செருப்புகள் வரிசையாக இருந்தன. பிரேமகுமாரி பெரிய பாத்திரத்தில் காபி போட்டாள். கடைசியாக வந்த பக்கத்தின் முகம் இன்னும் மூக்குவரைதான் வந்திருந்தது. வாய் வரட்டும் என்று அவள் டம்ளரோடு காத்திருந்தாள்.