நாலாவது காயில்

பெடஸ்டல் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது மோகனப்ரியாதான். காலையிலிருந்தே சுடிதார் கழுத்து நனைந்திருந்தது. மதியம் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அதற்கு முன் போர்டை முழு லோடில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தவளுக்குச் சற்று நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமராவைப் பிடித்தாள். திரையில் மூன்று காயில்கள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. நாலாவது வெள்ளையாகத் தகித்தது. லோடை அணைத்தாள்.

மின்சார ஆட்டோ சார்ஜருக்கான பவர் ஃபேக்டர் போர்டு அது. மின் இணைப்பிலிருந்து கரண்டைச் சீராக இழுப்பதுதான் வேலை. பழைய போர்டில் இரண்டு காயில்கள் மாற்றி மாற்றி இழுத்தன. ஒன்று ஏறும்போது மற்றது இறங்க, அலை அடங்கிவிடும். வாடிக்கையாளர்கள் இரண்டு மடங்கு பவர் கேட்டபோது நாலாக்கினாள். நாலும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று நம்பி, சோதனைகளில் ஒவ்வொன்றும் இழுக்கும் கரண்டை அளக்காமல் சூட்டை மட்டும் அளந்தாள். சூடு எப்போதும் சரியாகவே இருந்தது. ஃபேனைப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது.

"இசக்கி, இந்த ஃபேன் எப்பலேர்ந்து இங்க நிக்குது?"

டெக்னீஷியன் இசக்கிபாண்டி நிமிர்ந்தான். "நான் வந்ததுலேருந்து இங்கனதான் கெடக்கு யக்கா. வேர்த்து ஊத்துதுல்லா."

அவனுக்குப் போன காற்று நாலாவது காயிலைத் தடவிக்கொண்டு போயிருக்கிறது. சொன்னாள். அவன் போர்டையே பார்த்தான்.

"சப்பரம் தூக்குதப்போ ஒருத்தன் மட்டும் நெட்டையா நின்னா அவன் தோளுதான போவும். நான் அவனுக்கு விசிறி விட்டுருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். வல்லம் வடகால் சாலையில் லாரிகள் நகராமல் நின்றன. டிபன் பாக்ஸைத் திறந்து மூடினாள்.

மேனேஜர் உதயசூரியன் இஸ்திரி கலையாத சட்டையில் வந்தார். "இன்னாமா, ரெடியா?"

விஷயத்தைச் சொன்னாள்.

"ஃபேன் இருந்தா ஓடுதில்ல? ஓட்டு. பாத்துட்டுப் போவட்டும். அப்பால சரி பண்ணிக்கலாம்."

"இன்னைக்கு ஓகேன்னா நாளைக்கே புரொடக்‌ஷன் லைன்ல ஏத்திடுவாங்க சார். ஆட்டோ ஸ்டாண்டுல, மூடின பொட்டிக்குள்ள வெக்கிறது இது. அங்க ஏது ஃபேன்?"

"தெரியும்மா. ஆர்டர் போச்சுன்னா லைனு வேற ஊருக்குப் போய்டும். இவன் கான்ட்ராக்ட்டும் இந்த மாசத்தோட முடியுது."

"என்னய எதுக்கு சார் இதுல இழுக்கிய?" என்றான் இசக்கிபாண்டி, தலை தூக்காமல்.

உதயசூரியனே ஃபேனைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

மூன்று பேர் வந்தார்கள். போர்டு ஓடியது. திரையில் நாலும் ஒரே ஆரஞ்சு. உதயசூரியன் கை கட்டிப் புன்னகைத்தார். வந்தவர்களில் மூத்தவர் தலையசைத்து, கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தபடி காற்றுக்கு நேராக வந்து நின்றார். "இங்கதான் கொஞ்சம் மூச்சு விட முடியுது."

மோகனப்ரியா இசக்கிபாண்டியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. மீட்டரின் ஒயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ஒரு நிமிஷம். திரையவே பாருங்க," என்று வந்தவரிடம் சொல்லிவிட்டுக் குனிந்து ஃபேனின் பிளக்கைப் பிடுங்கினாள்.

இறக்கைகள் உடனே நிற்கவில்லை. ஓசை மெல்ல இறங்க, வட்டமாகத் தெரிந்தது மூன்று இறக்கைகளாகப் பிரியத் தொடங்கியது. திரையில் நாலாவது காயிலின் ஓரம் வெளுத்தது.